கணக்குக் காட்டாத அரசு

(உத்தரமேரூரில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாடு தன் பழைய அயலுறவுக் கொள்கையின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. தில்லியில் பேசவேண்டிய பொருளை உத்தரமேரூரில் பேசச் சொல்கிறார்களே என்று சிலர் எண்ணலாம். இதனைப் பேசுதற்கு இவ்வூரினும் பொருத்தமான இடம் வேறில்லை என்பேன் யான்.

இங்கிருந்து கூப்பிடு தொலைவில் வைகுந்தப்பெருமாள் கோயில் இருக்கின்றது. அதன் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அஃதாவது கி.பி. 919-ஐயும் 921-ஐயும் ஒட்டியவை, பொறிக்கப்பெற்றுள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. நம் பள்ளிப் பிள்ளைகள் இதனை நெட்டுருவாக ஒப்பிப்பர். ஆயினும் நாம் விரைந்து கடந்துவிடும் விதியொன்று அங்கே உண்டு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் பெயரை மட்டுமன்று. அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் எனச் சுற்றத்தார் பெயரையும் இடலாகாது.

அவ்வவை பார்ப்பன நிலவுடைமையாளர் அவையே. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அதனை மறைத்து ஊர்ப்பெருமை பேசுவது என் வழக்கமன்று. ஆயினும் பொதுப்பணி ஏற்றவன் கணக்குக் காட்டியாகவேண்டும் என்னும் நெறி, எவர் எழுதினும் நெறியே.

ஏரி வாரியத்தான் ஒருவன் உரிய காலமறியாது மடையைத் திறந்தான் என்று வையுங்கள். கீழ்க்கழனி மூழ்கிவிட்டது. மறு ஆண்டு வேறொரு வாரியம் வருகின்றது. கழனிக்காரன் வந்து முறையிடுகிறான். “அது போன ஆண்டு வாரியம் செய்தது, எங்களுக்கென்ன?” என்று புதிய வாரியத்தார் சொன்னால் நீங்கள் ஒப்புவீர்களா? திறந்தவன் மாறியிருக்கலாம். மடை ஊருடைய மடை. தண்ணீரும் ஊருடைய தண்ணீர். மூழ்கிய கழனிக்கு ஊர்தான் விடை சொல்லவேண்டும். இவ்வளவுதான் இன்றைய பேச்சின் சாறு. இனி, மூழ்கிய கழனியைக் காட்டுகிறேன்.

நான் தமிழ் பயின்ற கல்லூரியில் என்னோடு ஓர் அறையில் தங்கியிருந்த நண்பர் கோத்தகிரிப் பக்கத்தவர். அவர்தம் தாயாரும் தாயாரின் தங்கையும் இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். இருவர் குடும்பமும் இந்தியக் குடியுரிமை வேண்டி எழுதிக் கொடுத்தன. அக்காளுக்கு முறை முந்தி வந்தது. 1972-இல் கைக்குழந்தையாயிருந்த என் நண்பரைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தங்கையின் முறை வரவேயில்லை. 1983-ஆம் ஆண்டுக் கொடுமையில் தோட்டத்து வீடு எரிந்தது, வவுனியாவுக்குப் போனார்கள், அங்கும் போர். 1990-இல் தோணியேறி அதே இராமேசுவரத்துக் கரையில் இறங்கினார்கள். அக்காள் குடிமகளானார், தங்கை ஏதிலியானார்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காள் மறைந்தார். தங்கை முகாமை விட்டு வெளியூர் செல்வதற்கு ஒப்புதல் பெற்று, வண்டியேறி, மலையேறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று மாலை அவ்வம்மையார் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, கப்பல்ல வந்தா இந்தியாக்காரி, தோணியில வந்தா அகதியா?”

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகியவன் யான். அந்த வினாவுக்கு எனக்கு விடை தெரியவில்லை. விடை சொல்லவேண்டியது தில்லி.

பெரியோர்களே! இவ்வினா எங்கே பிறந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர், காப்பித் தோட்டத்துக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆளெடுத்துச் சென்றனர். பஞ்சமும் சாதிக் கொடுமையும் இங்கிருந்து தள்ளின. கங்காணியின் முன்பணம் அங்கே இழுத்தது. அம்மக்கள் காட்டை அழித்து நாட்டை ஆக்கினர். இலங்கையின் ஏற்றுமதிச் செல்வம் அவர்கள் விரல்நுனியில் விளைந்தது.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே டி.எசு. சேனநாயக்கா அரசு குடியுரிமைச் சட்டம் இயற்றி அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையையும் பறித்தது. அப்பொழுது அரசோடு சேர்ந்திருந்த தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டதற்கு இதுவும் ஒரு முதன்மையான ஏது. முதற்குற்றம் கொழும்பினுடையது, அதற்கு முந்தைய குற்றம் இலண்டனுடையது. இதில் எனக்கு ஐயமில்லை.

இந்நிலையில் தில்லி என்ன செய்தது? நேரு உயிரோடிருந்தவரை, அங்கே பிறந்து அங்கே உழைப்போர் இலங்கைக் குடிமக்களே என்னும் நிலையினின்று பெரிதும் வழுவவில்லை. 1954-இல் கொத்தலாவலையோடு உடன்படிக்கை செய்தபோதும் மக்களை மொத்தமாக ஏற்க அவர் இசையவில்லை. 1964 மே 27-இல் நேரு மறைந்தார். ஐந்தே திங்களில், அக்டோபர் 30 அன்று, தலைமையமைச்சர் இலால்பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர்.

அவ்வுடன்படிக்கையின் கணக்கைக் கேளுங்கள். நாடற்றோர் 9 இலக்கத்து 75 ஆயிரம் பேர். அவர்களுள் 5 இலக்கத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலக்கம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலக்கம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1974-இல் இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் அந்த ஒன்றரை இலக்கத்தை ஆளுக்குப் பாதியாக 75 ஆயிரம், 75 ஆயிரம் எனப் பங்கிட்டுக்கொண்டனர். நெல்மூட்டையைக் கூட மாதிரி பார்த்துத்தான் பங்கிடுவோம். அந்த மாந்தரை எவரும் கேட்கவில்லை. அவர்தம் தலைவராயிருந்த சௌமியமூர்த்தித் தொண்டமான் இதனை ஏற்கவில்லை. ஏற்காததை எவரும் பொருட்படுத்தவுமில்லை.

தில்லி ஏன் இசைந்தது? 1962-இல் சீனத்தோடு போரிட்டுத் தளர்ந்திருந்த காலம் அது. அண்டை நாடுகளின் நட்பு வேண்டியிருந்தது. அவ்வாண்டு திசம்பரில் கொழும்பில் நாடுகளைக் கூட்டி நடுநின்று பேச முற்பட்டவரே சிறிமாவோ அம்மையார். நட்பு வேண்டுவதில் பிழையில்லை. எந்த அரசுக்கும் நண்பர் தேவை. ஆனால் நட்புக்கு விலையுண்டெனின் அவ்விலையை எவர் மடியிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்கவேண்டும். கொழுந்து கிள்ளி நாட்கூலி பெற்ற தாயின் மடியிலிருந்து எடுத்தார்கள். பத்தாண்டு கழித்து 1974 சூன் திங்களில் கச்சத்தீவைக் கொடுத்தபோதும், 1976-இல் கடலெல்லையை வகுத்தபோதும் அதே பழக்கந்தான். அங்கே மீனவன் மடி. நட்பின் பயன் தில்லிக்கு; விலை தமிழனுக்கு!

அவ்வுடன்படிக்கையின்படி வந்தவர்கள் இயற்கைப் பெருக்கம் உட்பட நாலரை இலக்கத்துக்கும் மேற்பட்டோர். கையெழுத்திட்ட இரண்டு திங்களுக்குள் புயல் தனுசுக்கோடியை விழுங்கியது. பின் வந்தோர் இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் பதிந்தனர். கையில் சிறு தொகையோடு திசைக்கொருவராய்ச் சிதறினர். தேயிலையன்றி வேறு தொழிலறியாதவரைக் கரிசல் காட்டுக்கும் நூலாலைக்கும் அனுப்பினார்கள். நீலமலையில் 1968 முதல் தமிழ்நாட்டரசு தேயிலைத் தோட்டம் தொடங்கிச் சில ஆயிரம் குடும்பங்களுக்கு வேலை கொடுத்தது. அதனை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆயினும் 2022-இல் அத்தோட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டுத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முற்பட்டபோது, எங்களை எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்று அவர்கள் மீண்டும் கேட்கவேண்டி வந்தது.

நம்மையும் ஒருகணம் பார்த்துக்கொள்வோம். அங்கே அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். சிங்களவர் மட்டுமல்லர், யாழ்ப்பாணத் தமிழரும் சொன்னார்கள். இங்கே வந்தபோது ‘சிலோன்காரன்’ என்றோம். வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கினோம். தில்லியைக் கணக்குக் கேட்கும் நாம் நம் கணக்கையும் திறந்துவைத்துத்தான் கேட்கவேண்டும்.

இனி எஞ்சியோர் நிலையைக் கேளுங்கள். 1981-இல் கெடு முடிந்தது. ஏற்பதாகச் சொன்ன 6 இலக்கம் பேருக்குப் பதிலாக, ஏறத்தாழ 5 இலக்கத்து 6 ஆயிரம் பேரே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். உடன்படிக்கை காலாவதியாயிற்று என்று இந்தியா கைகழுவியது. 1984-இல் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் ஆயிரக்கணக்கானோர் அக்கரையிலேயே நின்றுபோயினர். போர் பெருகியது. எழுதிக் கொடுத்தவர், கொடுக்காதவர், குடியுரிமை கிடைத்தவர், கிடைக்காதவர் எல்லாரும் கலந்து உயிர்தப்பத் தோணியேறினர்.

தோணியில் வந்தவர் எவரும் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. வீடு எரியும்போது ஆவணம் தேடுவார் எவர்? ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டம், உரிய பயண ஆவணமின்றி வந்தவரைச் சட்டத்துக்குப் புறம்பாய்க் குடியேறியவர் என்கிறது. அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமை கேட்க வழியில்லை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2004 திசம்பர் 3-க்குப் பின் அவர்கட்கு இம்மண்ணில் பிறந்த பிள்ளையும் குடியுரிமை பெறாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்குக் கதவு திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழரை வெளிநாட்டார் சட்டத்தின் ஒறுப்பினின்று விலக்கினார்கள். சிறையிலிடமாட்டோம் என்பது ஆறுதலே. ஆயினும் ‘நீ எம் குடி’ என்பது அதனினும் வேறு.

இன்று தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கின்றனர். அவருள் மலையக வழியினர் பல்லாயிரவர். இவர்தம் பாட்டனார் பெயர்கள் 1964-இல் தில்லி ஏற்றுக்கொண்ட எண்ணுக்குள் அடங்கியவையே. 2019 சூன் திங்களில் சென்னை உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வழியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களைச் சட்டத்துக்குப் புறம்பானோர் என ஒரே தட்டில் வைக்காது அவர்தம் வேண்டுகையை ஆய்ந்து முடிவு செய்க என்று நடுவணரசுக்கு ஆணையிட்டது. மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்மணி, 1987 சூலைக்கு முன் இங்குப் பிறந்ததால் தாம் பிறப்பாலேயே இந்தியர் என வழக்காடி 2022-இல் வென்று, 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தார். முகாமில் வாழும் ஒருவர் தம் நாடு எதுவென்று வழக்காடித்தான் அறியவேண்டியிருக்கின்றது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. அந்த நாள் எந்த நாள்? உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள்! பறித்தவர்களே ஓரளவு பிழையுணர்ந்து திருத்தினார்கள். அதே தாளில் கையெழுத்திட்ட மற்றொருவர் இன்னும் வாய்திறக்கவில்லை.

“அன்று கையெழுத்திட்டோர் மறைந்தனர், இன்றிருப்போர் என்ன செய்வர்?” என்று கேட்கிறார்கள். தந்தையின் நிலத்தை ஏற்கும் மகன் தந்தையின் கடனையும் ஏற்கவேண்டும் என்பது நம் சிற்றூர் வழக்கு. 1914-இல் வெள்ளையன் வரைந்த மக்மகான் கோட்டைத் தன் எல்லையென்று இந்திய அரசு இன்றும் காக்கிறது. அயலான் போட்ட கோட்டை மரபுரிமையாய் ஏற்கும் அரசு, தன் தலைமையமைச்சர் போட்ட கையெழுத்தை மட்டும் எங்ஙனம் மறக்கும்? வரவு மட்டும் எழுதி, செலவு எழுதாத கணக்கு கணக்காகுமா?

“வேறெந்த நாடு இவ்வாறு செய்திருக்கிறது?” என்றும் கேட்பர். இட்லரின் கொடுமைக்கு அவனுக்குப் பின்வந்த மேற்கு செருமனி அரசு 1952-இல் உடன்படிக்கை செய்து இசுரேலுக்கு 300 கோடி மார்க்கு ஈடு கொடுக்க ஒப்பியது. கெனியாவில் 1950-களில் விடுதலை வீரரை வதைத்ததற்கு, அறுபதாண்டு கழித்து 2013-இல் பிரித்தானிய அரசு வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு ஈடு வழங்கியது. முதியோர் வழக்காடியதால்தான் வழங்கியது. தானாக மனமிரங்கி அன்று. ஆயினும், காலம் கடந்தாலும் கணக்கு கடக்காது என்பது அதனால் நிலைபெற்றது.

நமக்கு அயலார் சான்று எதற்கு? சிலம்பு இருக்கின்றது. பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் சொற்கேட்டுத் தவறான ஆணையிட்டான். உண்மை தெரிந்தபோது, “அவன் சொன்னான், காவலன் வெட்டினான்” என்று அவன் சொல்லவில்லை. பிழை தன் கோலினுடையது என்றேற்று அரியணையிலேயே உயிர்விட்டான். ஆனால் அவனுக்குப்பின் வந்த கொற்கை வெற்றிவேற்செழியன் என்ன செய்தான்? கண்ணகிக்கு அமைதி செய்வதாகச் சொல்லி ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. நம்மில் பலர் இவ்விடத்தைப் பேசாது கடந்துவிடுவோம். ஒருவன் செய்த களவுக்கு ஒரு குலத்தையே கொன்றான். முன்னவன் பொறுப்பேற்றான், பின்னவன் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றினான். பழம்பிழையை எதிர்கொள்வதற்கு இவ்விரண்டே வழிகள் உள்ளன.

இந்திய அரசு எவ்வழி நடந்தது? 1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கையெழுத்திட்டனர். எவருடைய நாட்டைப் பற்றிப் பேசினார்களோ அத்தமிழர் அதில் கையொப்பக்காரர் அல்லர். அமைதிப்படை போனது. அவ்வாண்டு அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவரும் செவிலியரும் நோயாளியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் அப்படையால் மாண்டனர். படையில் சென்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். இருதிறத்துத் தாய்மாரும் அழுதனர். 1990 மார்ச்சில் படை திரும்பியது. கணக்கு மட்டும் திரும்பவில்லை.

1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டனர். அது கொடிய குற்றம். அதனை எவரும் அறமென்னார். ஆனால் அதன்பின் நடந்தது என்ன? முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் மறுக்கப்பட்டது. 1996-இல்தான் மீண்டும் கிடைத்தது. குண்டு வைத்தவர் சிலர். புத்தகம் பறிக்கப்பட்டது எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும். கொற்கைச் செழியன் வழி இதுவன்றோ?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, முகாம்களிலுள்ள மலையக வழியினர்க்கு, 1964, 1974 உடன்படிக்கைகளின் கடனாகக் கருதி, குடியுரிமை வழங்கவேண்டும். அது கொடையன்று, திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். இரண்டாவது, முகாமில் பிறந்து இம்மண்ணிலேயே படித்து வளர்ந்த ஏனைய தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவ்வழி திறக்கவேண்டும்; தாயகம் திரும்ப விரும்புவோர் நிலமும் பாதுகாப்பும் பெற்றுத் திரும்ப, 1987-இல் கையெழுத்திட்ட அரசு துணைநிற்கவேண்டும். மூன்றாவது, ஒரு மாநிலத்து மண்ணையோ கடலையோ மக்களையோ தொடும் எந்த உடன்படிக்கையும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிக் கையெழுத்தாகலாகாது. நான்காவது, இவ்வுடன்படிக்கைகளால் வந்தோர் எத்தனை பேர், வாழ்வு பெற்றோர் எத்தனை பேர், விடுபட்டோர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் முழுக் கணக்கு வைக்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை வைகுந்தப்பெருமாள் கோயிலுக்குப் போகும்போது, குடத்தில் ஓலையிட்ட பெருமையோடு திரும்பிவிடாதீர்கள். எவன் பெயரை இடக்கூடாது என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், எக்கட்சியாராயினும், “1964-ஆம் ஆண்டுக் கணக்கு எங்கே?” என்று கேளுங்கள்.

அந்த அம்மையாருக்கு இப்பொழுது எண்பது வயதை நெருங்குகின்றது. தாம் கண்மூடுமுன் வாக்காளர் பட்டியலில் தம் பேரன் பெயரையாவது பார்த்துவிடவேண்டும் என்கிறார். தம் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அவருக்கு நான் சொல்லவேண்டிய விடையை நீங்களும் என்னோடு சேர்ந்து தேடவேண்டும் என்று கேட்டு அமைகின்றேன்.